மூன்றாவது வரி

மணி அடித்தது.

சாவியைத் திருப்பியதும் டிங், டிங், டிங் என்று சன்னமாக ஒரு மணி. பின்னால் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சொல்கிற மணி. டிரைவர் இருக்கையில், வண்டியின் கோளாறைச் சொல்கிற ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். பின் இருக்கையில் யாரும் இல்லை. ஒரு அழுக்குத் துணிகூட இல்லை. காலி இருக்கைக்கு மணி அடிப்பது பெரிய அதிசயமில்லை. இருக்கைக்கு அடியில் ஒயர் நசுங்கியிருந்தால் அடிக்கும், அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறான். ஆனால் இந்த மாடலில் பின் இருக்கைக்கு மணியே கிடையாது. கம்பெனிக்காரன் வைக்கவே இல்லை. பன்னிரண்டு வருஷமாக இந்த மாடலின் அடியில் மல்லாந்து படுத்தவனுக்கு அது தெரியாதா?

"எழவு" என்று முனகிக்கொண்டே சாவியைத் திருப்பி அணைத்தான். மணி இரண்டு தடவை கூடுதலாக அடித்துவிட்டுத்தான் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. ஷெட்டில் அவன் ஒருவன்தான். தூசி வராமலிருக்க ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்தான். கீழே விட்டிருந்த இடுப்பளவு இடைவெளி வழியாக வெயில் பாய் விரித்ததுபோல உள்ளே வந்து வண்டியின் முன்சக்கரத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் இருட்டு. தலைக்கு மேலே தகரக் கூரை சூட்டில் விரிந்து டிக்டிக்கென்று தெறித்துக்கொண்டிருந்தது. மழை பெய்து நாலு மாதம். காலால் தட்டினால் தரை புழுதியாகப் பறந்தது.

வண்டி நர்ஸம்மாவுடையது. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய் ஊசி போடுகிற, புண் கட்டுகிற வேலை அந்தம்மாவுக்கு. எலி ஒயரைக் கடித்ததில் இஞ்சின் கம்ப்யூட்டர் கருகி, பத்து நாளாக பஸ்ஸில் அலைகிறார். பழைய சாமான் கடையிலிருந்து அதே மாடலின் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வந்து மாட்டியாயிற்று. மாட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொரு வண்டிக்கும் கம்பெனி கொடுத்த எண் ஒன்று உண்டு. கம்ப்யூட்டருக்குள் வேறு வண்டியின் எண் இருந்தால், இஞ்சின் அதோடு பேச்சே வைத்துக்கொள்ளாது. ஸ்கேனரின் குட்டிப் பெட்டியை வண்டியில் செருகி, உள்ளே இருக்கிற பழைய எண்ணை அழித்து, இந்த வண்டியின் எண்ணை எழுத வேண்டும். எழுத ஆரம்பித்துவிட்டால் சாவியைத் தொடக்கூடாது, கதவைத் திறக்கக்கூடாது. திறந்தால் உள்விளக்கு எரியும், கரண்ட் இறங்கும், அத்தோடு கம்ப்யூட்டர் செத்தது.

இரண்டு தடவை முயன்றாயிற்று. இரண்டு தடவையும் எழுதத் தொடங்குவதற்கு முன்பே பிழை என்று சிவப்பாகக் காட்டிவிட்டு ஸ்கேனர் முதல் பக்கத்துக்கே திரும்பிப் போய்விட்டது. இரண்டாவது தடவைக்குப் பிறகுதான் இந்த மணி.

"என்ன படிப்பாளி, வண்டி பாஸாச்சா ஃபெயிலா?"

பக்கத்து ஷெட் பெயின்டர், ஷட்டருக்குக் கீழே குனிந்து முகத்தை மட்டும் காட்டினான். மூக்கில் பச்சை பெயின்ட்.

"போய்யா. உன் வேலையப் பாரு."

"கோவப்படாதய்யா. கம்ப்யூட்டரு இங்கிலீஷ்ல திட்டுதா? எழுத்துக்கூட்டித்தான் கேட்டுப்பாரேன்." சிரித்துக்கொண்டே முகம் மேலே போய்விட்டது.

படிப்பாளி என்பது ஷெட்டில் அவனுக்கு வைத்த பேர். நாற்பத்தோரு வயதில், சாயங்கால வகுப்பில் சின்னப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து எழுத்துப் படித்தவன். தமிழ் வந்துவிட்டது. இங்கிலீஷ் எழுத்துகளை வண்டிகளின் நம்பர் பலகைகளைப் பார்த்தே பிடித்துக்கொண்டான். தனித்தனியாகத் தெரியும், வண்டி வேலைச் சொற்களுக்கு அர்த்தமும் தெரியும்; சேர்த்துப் படிக்க நேரம் ஆகும். அதனால் ஸ்கேனரை அவன் படிப்பதில்லை. இடம்தான் அடையாளம். முதல் பக்கத்தில் இரண்டாவது வரி. அடுத்த பக்கத்தில் கடைசிக்கு முந்தினது. அதற்கடுத்து மூன்றாவது வரி. வீட்டில் இருட்டில் தீப்பெட்டியைத் துழாவி எடுப்பதுபோல விரல் தானாகப் போகும்.

இந்தக் கம்ப்யூட்டர் வேலையை விட முடியாது. பள்ளத்தில் இறங்கி, வண்டிக்கடியில் நின்று, கழுத்தை நிமிர்த்தியே வேலை பார்த்து அவன் முழங்கால் இரண்டும் போய்விட்டன. காலையில் கழிப்பறையிலிருந்து எழுந்திருக்க மனைவியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. முதலாளி நேற்றுத்தான் சொன்னார். "இந்த வண்டிய நீயே தனியா முடி. முடிச்சா திங்கக்கிழமையிலேர்ந்து கம்ப்யூட்டர் மேஜை உனக்கு. நாற்காலியில உக்காந்து வேலை. சொதப்பினா, திரும்பப் பள்ளந்தான். அப்புறம் என்னைக் குறை சொல்லாத." மனைவியிடமும் சொன்னான். அவன் முழங்காலைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

மறுபடி சாவியைத் திருப்பினான். மணி அடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, வண்டி என்னதான் சொல்கிறது பார்ப்போம் என்று ஸ்கேனரில் ஓட்டக் கணக்கைத் திறந்தான். வண்டி ஓடும்போது வேகம், பிரேக், பெல்ட் எல்லாம் வரிசையாகக் காட்டுகிற பக்கம் அது. இஞ்சின் நிற்கிறது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருக்கிறது.

வேகம்: 40.

அவன் திரையைக் கைத்துணியால் துடைத்தான்.

வேகம் 52. 60. 66. பிரேக் இல்லை. டிரைவர் பெல்ட் மாட்டியிருக்கிறது. பின் இடது பெல்ட் மாட்டியிருக்கிறது. 70. 74. சட்டென்று பிரேக். விட்டு, பிரேக். விட்டு, பிரேக், பிரேக், பிரேக், பிரேக். பிறகு வேகம் 0. கொஞ்ச நேரம் எதுவும் மாறவில்லை. பிறகு ஒரு வரி மாறியது. டிரைவர் பெல்ட், கழற்றியாயிற்று.

பின் இடது பெல்ட் மட்டும் மாட்டியது மாட்டியபடியே நின்றது.

குப்பைக் கணக்கு, என்று சொல்லிக்கொண்டான். பழைய வண்டியின் ஞாபகம் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அணைத்துப் போட்டான். மறுபடி 40. 52. 60. அதே 74. அதே ஆறு பிரேக். மூன்றாவது தடவையும் அதே. அவனுக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் வந்தது. கெட்டுப்போன சாமானைத் தலையில் கட்டியிருக்கிறான் அந்தக் கடைக்காரன். போன் போட்டான்.

"அண்ணே, என்னண்ணே இது சாமானு? நின்ன வண்டிய ஓடுதுங்குது."

"என்னப்பா சொல்ற, தங்கமான பீசுப்பா அது. நானே செக் பண்ணிக் குடுத்தேன்." கடைக்காரருக்குப் பின்னால் யாரோ இரும்பை அறுக்கும் சத்தம். "ஒரு சொட்டுத் தண்ணி படல. டேஷ்போர்டுக்குள்ள மேல இருந்துச்சு, தப்பிச்சிடுச்சு."

"தண்ணியா? என்ன தண்ணி?"

"அட, ஏரியில விழுந்த வண்டிப்பா. மூணு நாள் கழிச்சு கிரேன் வச்சுத் தூக்குனாங்க."

அவன் கொஞ்சம் தாழ்ந்த குரலில் கேட்டான். "உள்ள ஆளுங்க?"

"ஓட்டுனவன் வெளிய வந்துட்டான். நல்லாத்தான் இருக்கான்."

"பின்னாடி?"

அறுக்கும் சத்தம் நின்றது. "பின்னாடி யாருமே இல்லைன்னுதான் அவன் சொன்னான். போலீஸும் பார்த்துச்சு, யாரும் இல்ல. ஆனா..." கடைக்காரர் சிரிக்கப் பார்த்தார். "பெல்ட்டு மாட்டியிருந்துச்சுப்பா. பின்னாடி இடது பக்கம். இறுக்கமா, ஆள் உக்காந்திருக்கிற மாதிரி. கழட்டவே வரல. கடைசியில அறுத்துத்தான் எடுத்தோம். துருவா இருக்கும். நீ வேலையப் பாரு, அது கம்ப்யூட்டரு, அதுக்கும் பெல்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

ஒரு சம்பந்தமும் இல்லைதான். அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மணி நாலாகியிருந்தது. ஐந்துக்கு முதலாளி நர்ஸம்மாவோடு வருவார்.

பேட்டரியில் சார்ஜரைச் சரியாகக் கவ்வ வைத்தான். ஏறி உட்கார்ந்து நாலு கதவையும் சாத்தினான். இரண்டாவது வரி. கடைசிக்கு முந்தினது. மூன்றாவது வரி. நிச்சயமா என்று ஸ்கேனர் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

இந்தத் தடவை பிழை வரவில்லை. பச்சைக் கோடு நூறை நோக்கி நகர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

அப்பாடா என்றிருந்தது. இருக்கையில் சாய்ந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, நாளைக்கு நாற்காலியில் உட்காரும்போது கீழே ஒரு மெத்தைத் துணி போட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தான். பன்னிரண்டு. பதினைந்து. வெளியே பெயின்டரின் கம்ப்ரஸர் ஒரே ஸ்வரத்தில் இரைந்துகொண்டிருந்தது. கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் அடுப்பு மாதிரி சூடு. கழுத்து வியர்வை முதுகில் இறங்கி சட்டையை ஒட்டவைத்தது. வியர்வை வாடை, கிரீஸ் வாடை, பழைய ரப்பர் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தது. முதலில் அது என்னவென்று பிடிபடவில்லை. முப்பதைத் தாண்டும்போது பிடிபட்டது.

பாசி. தேங்கின தண்ணீர். அடியில் மிதித்தால் கலங்கி வருகிற சேறு.

முப்பத்தெட்டில் நாலு கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. டக். வண்டி வேகம் பிடித்தால் தானாகப் பூட்டுமே, அந்தப் பூட்டு. கம்ப்ரஸர் சத்தம் தூரத்துக்குப் போனது. நின்றுவிடவில்லை, தூரத்துக்குத்தான் போனது. காதில் தண்ணீர் புகுந்தால் வெளிச்சத்தம் எப்படிக் கேட்குமோ அப்படி. சூடு எங்கே போனதென்று தெரியவில்லை. கண்ணாடிகளின் உள்பக்கம் ஆவி பூத்தது. வெயில் பாய் மங்கி, பச்சையாகி, இல்லாமல் போனது.

நாற்பத்தேழு.

கைப்பிடியில் விரல் போனது. உள்ளிருந்து இழுத்தால் கதவு திறக்கும். திறந்தால் விளக்கு எரியும், கோடு நிற்கும், கம்ப்யூட்டர் சாகும். நாளைக் காலையில் பள்ளத்துக்குள் இறங்க வேண்டும்.

விரலை எடுத்துக்கொண்டான்.

பின்னால் இருக்கை அமுங்கியது. ஸ்பிரிங் மெல்ல முனகியது. அது அவனுக்குத் தெரிந்த சத்தம். ஆள் நகர்ந்து வசதியாக உட்காருகிற சத்தம்.

கண்ணாடியைப் பார்க்கக்கூடாது. தலைக்கு மேலே அந்தச் சின்னக் கண்ணாடி இருக்கிறது. பார்க்கக்கூடாது. பச்சைக் கோட்டை மட்டும் பார்.

ஐம்பத்தெட்டு.

ஸ்ர்ர்ர். பெல்ட் தன் துவாரத்திலிருந்து இழுபடுகிறது. அவசரமில்லாமல். ஒரு சாண். இன்னொரு சாண். நிற்கிறது. மறுபடி ஸ்ர்ர்ர்.

அறுபத்தொன்பது. சீக்கிரம். சீக்கிரம் ஆகேன்.

க்ளிக்.

மணி நின்றது. அதுவரை மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

எண்பத்தைந்து. பிடரியில் குளிர். மூச்சு இல்லை அது. மூச்சு சூடாக இருக்கும்.

தொண்ணூற்றாறு.

நூறு.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தான். முழங்கால் தரையில் மோதியது, வலிக்கவில்லை. சூடு முகத்தில் அறைந்தது. கம்ப்ரஸர் பக்கத்திலேயே இரைந்தது. வெயில் பாய் போட்டது போட்டபடி கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தைரியம் வந்து பின் கதவைத் திறந்து பார்த்தான். காலி. இருக்கை காய்ந்திருந்தது. ஆனால் இடது பக்கத்துப் பெல்ட், யாரையோ அணைத்திருப்பதுபோல் முன்னுக்குப் பொம்மிக்கொண்டு, மாட்டியிருந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினான். இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினான். வரவில்லை.

ஸ்கேனரைக் கையில் எடுத்துக்கொண்டு, ஷட்டரின் கீழே வெளிச்சத்தில் உட்கார்ந்தான். என்ன செய்தோம் என்று முதல் தடவையாக அதைப் படிக்க ஆரம்பித்தான். விரலை எழுத்துக்கு எழுத்து நகர்த்தி, வகுப்பில் செய்ததுபோல உதட்டை அசைத்து. இரண்டாவது வரி சரி. கடைசிக்கு முந்தினது சரி. மூன்றாவது வரி.

கம்ப்யூட்டரின் எண்ணை வண்டிக்கு எழுது.

தப்பாகப் படிக்கிறோமோ என்று திரும்பவும் படித்தான். நாலாவது வரிக்குப் போனான். வண்டியின் எண்ணை கம்ப்யூட்டருக்கு எழுது. ஒரே சொற்கள்தான், இடம் மாறிக் கிடந்தன. எப்போதும் மூன்றாவதாக இருந்தது இதுதான். போன வாரம் முதலாளி, "மெஷினுக்குப் புது அப்டேட் போட்டிருக்கேன்யா" என்று சொன்னது ஞாபகம் வந்தது. வரிகள் இடம் மாறியிருக்கின்றன. அவன் விரல் மாறவில்லை.

கம்ப்யூட்டரை அவன் நர்ஸம்மாவின் வண்டியாக்கவில்லை. நர்ஸம்மாவின் வண்டியை அந்த வண்டியாக்கியிருக்கிறான்.

நாலாவது வரியை அழுத்தினான். சிவப்பு. எழுத்துக்கூட்டினான். எண் பூட்டப்பட்டது. ஒரு முறை எழுதியதை மாற்ற இயலாது. மறுபடி அழுத்தினான். சிவப்பு. கட்டைவிரல் நகம் வெளுக்கும்வரை அழுத்தினான். சிவப்பு, சிவப்பு, சிவப்பு.

ஷட்டர் கடகடவென்று மேலே போனது.

"என்னய்யா, தரையில உக்காந்திருக்க? ஆச்சா?" முதலாளி. பக்கத்தில் நர்ஸம்மா, வெள்ளைப் புடவை, தோளில் ஊசி மருந்துப் பை. அவன் எழுந்திருப்பதற்குள் முதலாளி உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். ஒரே தட்டில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. பட்டு மாதிரி ஓடியது. அவன் கேட்டதிலேயே அழகான ஓட்டம்.

"அடி சக்கை! படிப்பாளி, பாஸாயிட்டய்யா!" முதலாளி அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். "நாளைக்கு வந்ததும் அந்த மேஜையத் தொடச்சு வை. இனிமே அது உன்னோடது."

"அப்பாடா, நல்லவேளை" என்றார் நர்ஸம்மா. "ஆறு மணிக்கு ஒரு பெரியவருக்கு ஊசி போடணும். ஏரிக்கரை ரோட்டுல போனா நேரத்துக்குப் போயிடலாம். ரொம்ப நன்றிங்கண்ணா."

"அம்மா." அவன் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டான். "இன்னைக்கு வேணாமே. ஒரு நாள் இருக்கட்டும்."

"ஏன்? நல்லாத்தானே ஓடுது?"

முதலாளி அவனைப் பார்த்தார். "என்னய்யா? எதையாவது மாத்தி அழுத்திட்டியா?" கேலியாகத்தான் கேட்டார். பதில் வருகிறவரைக்கும் கேலி.

அந்தப் பள்ளம் அவர் காலுக்குப் பின்னால் நீளமாக, கறுப்பாகத் திறந்து கிடந்தது. அவன் முழங்கால் இப்போதுதான் வலிக்கத் தொடங்கியிருந்தது.

"ஒண்ணும் இல்லைங்க" என்றான். "சும்மா சொன்னேன். மெதுவா போங்கம்மா."

சார்ஜரைக் கழற்றி, சக்கரக் கட்டைகளை எடுத்து, குட்டிப் பெட்டியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நர்ஸம்மா உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். தலைக்கு மேலிருந்த கண்ணாடியைத் தனக்கேற்ற மாதிரி திருப்பி, ஒரு கணம் அதையே பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டார். "ஏசி நல்லா குளுகுளுன்னு இருக்குண்ணா" என்றார். ஏசியை யாரும் போடவில்லை. வண்டி முன்னால் நகர்ந்து, திரும்பி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு தெருவில் இறங்கியது. பின் கண்ணாடி ஆவியில் வெளுத்திருந்தது.

முதலாளி கிளம்பிப் போனார். பெயின்டரும் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, "வரேன்யா ப்ரொபசரு" என்று கத்திவிட்டுப் போனான். அவன் ஸ்கேனரை மேஜையில் வைத்தான். வண்டியில் செருகுகிற குட்டிப் பெட்டி அவன் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தான். அதேதான். வண்டியிலிருந்து உருவி, ஒயரைச் சுற்றி, அவனே போட்டது. எதனோடும் இணைப்பில்லை.

மேஜைமேல் திரை தானாக வெளிச்சமாயிற்று.

வேகம்: 40.

போனை எடுத்தான். பட்டியலில் நர்ஸம்மாவின் நம்பர் கண்ணில் படவில்லை. 52. கிடைத்தது. அழுத்தினான். மணி போகிறது. 60. எடுங்கம்மா. ஓட்டும்போது எடுக்க மாட்டார். நல்ல டிரைவர். 66. மணி போகிறது. 70.

74.

பிரேக். விட்டு, பிரேக். விட்டு, பிரேக். பிரேக். பிரேக். பிரேக்.

0.

போனில் மணி நின்றுவிட்டது. யாரும் எடுக்கவில்லை, யாரும் துண்டிக்கவும் இல்லை. வெறுமனே நின்றுவிட்டது.

அவன் திரைக்கு மேல் குனிந்தான். அடுத்து என்ன வரும் என்று தெரியும். மூன்று தடவை பார்த்திருக்கிறான். கொஞ்ச நேரம் எதுவும் மாறாது. பிறகு ஒரு வரி மாறும். டிரைவர் பெல்ட் கழன்றுவிடும். ஓட்டினவர் வெளியே வந்துவிடுவார், நன்றாகத்தான் இருப்பார். மாறு, என்றான். மாறேன். தகரக் கூரை ஆறிச் சுருங்கி டிக் என்றது.

ஒரு வரி மாறியது.

இடத்தைப் பார்த்து நம்பக்கூடாது என்று, விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தான். உதடு அசைந்தது. பின் இடது பெல்ட். கழற்றியாயிற்று.

கீழ் வரிக்கு விரலை நகர்த்தினான். டிரைவர் பெல்ட். மாட்டியிருக்கிறது.

காத்திருந்தான். காய்ந்த ஷெட்டுக்குள் பாசி வாடை வந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வரியின் மேலேயே விரலை வைத்துக்கொண்டு, மறுபடியும் முதல் எழுத்திலிருந்து கூட்டிப் படித்தான். மாட்டியிருக்கிறது. மாட்டியிருக்கிறது. மாட்டியிருக்கிறது.